பக்கத்துக்குப் பதினெட்டு

குலசேகரம் சந்தையை ஒட்டி
ஒட்டுப்பால் நாற்றம் ஏறிய மாடியில் வைத்து
மெய்ப்புப் பார்க்க
பக்கத்துக்கு இருபத்தைந்து கேட்டேன்.
ஏசுவடியான் முதலாளி
என் பேனாவைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார்.
மழை வரும்போல இருக்கு, என்றார்.
அவர் ஒரு எண்ணும் சொல்லவில்லை.
பதினெட்டுக்கு நானே இறங்கி வந்திருந்தேன்.

நடந்தது என்னவென்று
வீட்டில் மூன்றாம் அத்தியாயம் விரிக்கையில்தான் பிடிபட்டது:
'முதலில் விலை சொல்லாதே.
ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கு.
பெருவிரலால் அமுக்கு.
முகம் சுளிக்காதே; சுளித்தால் கோபம் வரும்,
கோபம் வந்தவன் சரக்கைத் திரும்பக் கட்டிக்கொண்டு போவான்.
வருத்தப்படு.
ஈரம் என்று மட்டும் சொல்லி மூச்சை விடு.'

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நாற்பது வருஷத்துக்கு முந்தைய லாரி வாடகை
பைசா பிசகாமல் நிற்கிறது.
திற்பரப்பில் வாங்கிய முதல் ஏக்கரின் பிரமாணச் செலவு,
எழுத்தர் குடித்த நாரங்காவெள்ளம் உட்பட.
கோட்டயத்துக் கம்பெனிக்காரர்களை
லாட்ஜில் இரண்டு நாள் காக்கவைத்து
வேளாவேளைக்கு
கிழங்கும் சாளைக்கறியும் கொடுத்தனுப்பியது,
அதற்கான தொகை.
தம்பியின் பங்கை எழுதி வாங்கிய அன்று
தம்பி செருப்பில்லாமல் வந்திருந்தது.
இது எதற்கு இங்கே என்று நான் பென்சிலை எடுத்தேன்.
அடுத்த வரி:
'அவசரத்தில் இருக்கிறான் என்று கண்டுகொண்டேன்.'

யாரையும் ஏமாற்றினதில்லை என்று
பதினோரு இடத்தில் வருகிறது.
நாலு போதும் என்று குறித்தேன்.
ஏழில் முடிந்தது.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் ரோசலெட் சாகிறாள்.
ஐந்து வரி.
ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகை, இரண்டு குப்பி ரத்தம்,
வண்டிக்கூலி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவருக்கு,
எல்லாவற்றுக்கும் நேரே எண் உண்டு.
பெட்டிக்கு மட்டும் இல்லை.
தட்டச்சுப் பையன் விட்டிருப்பான் என்று
ஓரத்தில் எழுதிவைத்தேன்:
விலை?

திருத்தம் பார்க்க உட்கார்ந்தபோது
அந்தப் பக்கத்தை அவர் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்.
பெருவிரல் தாளை அமுக்கி நின்றது.
கேக்கல்ல, என்றார்.
காது மந்தம் போல என்று
நான் இன்னும் சத்தமாய்
பெட்டி எவ்வளவு என்றேன்.
'இல்ல டீச்சரே.
அன்னைக்கு நான் வெல கேக்கல்ல.'

அதையே எழுதிவிடலாமே.
வேண்டாம் என்று தலையாட்டினார்.
'அந்த ஆசாரிக்க மொவன் இப்பவும்
எனக்க கிட்ட தான் தடி எடுக்கான்.
படிச்சிருவான்.'

ஐந்து வரி ஐந்து வரியாகவே இருந்தது.
என் கேள்விக்குறியை அவரே அழித்தார்,
தாள் கிழியாமல், ரொம்ப நேரம்.

பிறகு பணம்.
படம் வரும் பக்கங்கள் எட்டு; அதில் எழுத்து இல்லை,
கழித்தார்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
கீழே லாரியில் ஷீட்டுக் கட்டு விழும் சத்தம்.
கரண்டு போனது. காற்றாடி தயங்கித் தயங்கி நின்றது.
அவர் கழுத்திலும் வியர்வை இறங்கியது, என் கழுத்திலும்.
வெளியே சுட்டெரிக்கிற வெயில்.
மழை வரும்போல இருக்கு, என்றேன்.

மேசை அறையை மறுபடியும் திறந்தார் முதலாளி.
'மூணாம் அத்தியாயம்
திருத்தும்போ படிக்கவும் செய்திய போல.'
சிரிக்கவில்லை.
நாலு பக்கத்துக்கு எண்ணி வைத்தார்.
எழுபத்திரண்டுக்கு எழுபது.
சில்லறை இல்லையாம்.